இரண்டு நோட்டும் பொருந்தினால்

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு இழுப்பறைகள். ஜன்னல் பக்கத்தது என்னுடையது, சுவர்ப் பக்கத்தது அவருடையது. இரண்டுக்கும் பூட்டு கிடையாது. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் அவருடையதைத் திறந்ததில்லை, அவர் என்னுடையதைத் திறந்ததில்லை என்றுதான் போன வருஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பீரோ, கைப்பை, கடிதம், எல்லாம் எங்களுக்குப் பொது. இழுப்பறை மட்டும் அப்படி இல்லை. அதில் கணக்கு நோட்டு இருந்தது.

நான் முப்பது வருஷம் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தவள். என் வீட்டுக்காரர் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர். அவர் என்னை 'வாத்தியாரம்மா' என்பார். கோபம் இருந்தால் நான் அவரை 'இன்ஜினியர் சார்' என்பேன். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கம்பெனிக்காரர்கள் எங்களை விடவில்லை. ஆடுகிற சாமான் எதுவானாலும் எங்கள் வீட்டுக்கு ஓர் உறை வரும். கம்பியில் தொங்கும் நடைபாலம், காற்றில் அசையும் புகைபோக்கி, லாரித் தொட்டிக்குள் அலம்பும் தண்ணீர். கம்ப்யூட்டர் அதையெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும். ஆனால் தப்பான எண்ணைக் கொடுத்தாலும் அதே வேகத்தில், கொஞ்சமும் கூசாமல் போடும். அதனால் கையால் போட்ட கணக்கு ஒன்று கூடவே இருக்க வேண்டும் என்று அந்தக் கம்பெனியில் ஒரு பழைய விதி. அந்தக் கைக்கணக்குதான் எங்கள் வேலை.

கையால் போட்டால் முழு விடை வராது. அவையெல்லாம் வகைக்கெழுச் சமன்பாடுகள். ஒரு பொருள் இந்த நொடி எப்படி அசைகிறது என்பதை வைத்து அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று சொல்பவை. பெரும்பாலானவற்றுக்குத் துல்லியமான விடையை எழுதவே முடியாது. என்ன செய்வோம் என்றால், அதற்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற ஒரு சுலபமான சமன்பாட்டைப் பிடிப்போம். அதற்கு விடை தெரியும். நம்முடையதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு சின்ன எண். எப்சிலான் என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு முதல் திருத்தம், அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம், அதற்கும் ஒன்று என்று போவோம். ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னதாக இருக்கும். ஆனால் போய்க்கொண்டே இருக்கக் கூடாது. சில கணக்குகளில் ஓர் இடத்துக்குப் பிறகு திருத்தங்கள் பெருக ஆரம்பிக்கும், அதுவரை சேர்த்த நல்லதையும் கெடுத்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதி சாமர்த்தியம் இருக்கிறது. இதை எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் தொண்டை வலிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நோட்டு வழக்கம் கல்யாணமான முதல் வருஷத்தில் வந்தது. ஆட ஆட விறைத்துக்கொள்ளும் ஒரு கம்பியின் கணக்கை அவர் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தார். எவ்வளவு வேகமாக ஆடும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பேரும் போட்டோம். முதல் திருத்தம் இரண்டு பேருக்கும் எட்டில் மூன்று. இரண்டாவது திருத்தத்தில் அவருக்கு இருநூற்று ஐம்பத்தாறில் பதினைந்து வந்தது, எனக்கு இருநூற்று ஐம்பத்தாறில் இருபத்தொன்று. மூன்று நாள் சண்டை. நான்காம் நாள் காலை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பின்கட்டுக்கு வந்து நின்றார்.

"வீச்சு, வீச்சுன்னு எழுதியிருக்கியே, நீ எதை வீச்சுன்னு சொல்றே?"

"கம்பி கடைசியா எவ்ளோ தூரம் போகுதோ, அதை."

"அதானே பாத்தேன். நான் முக்கியமான ஆட்டத்தோட பங்கை மட்டும்தான் வீச்சுன்னு எடுத்துருக்கேன். கூட ஆடுற குட்டி ஆட்டத்தை எடுக்கல."

அதாவது இரண்டும் சரி. ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலிருந்து அளந்திருக்கிறோம். சோப்புக் கையோடு அவர் முதுகில் ஒன்று வைத்தேன். அன்றைக்கே விதிகள் ஏற்பட்டன. ஒரே கணக்கை இரண்டு பேரும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்கக் கூடாது. பகல் பதினொரு மணிக்குக் காப்பியோடு நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. தப்பு வந்தால் மேலே ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். இரண்டு நோட்டும் பொருந்தினால் அதற்கு மேல் கேள்வி கிடையாது, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டும். பொருந்தாவிட்டால் சண்டை.

அந்தச் சண்டைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் அவரை 'நீங்க' என்றுதான் பேசுவேன். கணக்குச் சண்டையில் மட்டும் என்னை மீறி 'நீ' வந்துவிடும். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது, "அம்மா 'நீ' போட்டுட்டாங்க" என்று கத்திக்கொண்டே அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். இன்றைக்கு அவளுக்கு முப்பத்தாறு வயது, வேறு ஊரில் இருக்கிறாள், போனில் இப்போதும் கேட்பாள்: "இந்த வாரம் எத்தனை 'நீ'மா?"

போன வருஷம் அவள் அப்படிக் கேட்டபோது "ஒண்ணும் இல்லடி" என்று பெருமையோடு சொன்னேன். எவ்வளவு பெரிய அசடு நான்!

அவர் நோட்டு எப்போதும் கோடு கோடாக இருக்கும். நாலு வரியைத் தாண்டிக் குதிப்பார், விழுவார், எழுந்து வந்து கோடு போட்டுவிட்டு மறுபடி குதிப்பார். விடை எனக்கு முன்னால் வந்துவிடும், ஆனால் பக்கத்தைப் பார்க்கச் சகிக்காது. அந்த நோட்டு அப்போது ஒரு வருஷமாகச் சுத்தமாகியிருந்தது. கோடே இல்லை. பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டால் முதல் தடவையிலேயே பொருந்தும். "வயசானப்புறம் ஒழுங்கு வந்திருக்கே இன்ஜினியர் சாருக்கு" என்று கிண்டல் செய்தேன். சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தார். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிற மனுஷர் அன்றைக்கு வெறுமனே சிரித்தார். அதை நான் கவனிக்கவில்லை.

பிறகு அந்த நடைபாலக் கணக்கு வந்தது. கால்வாய்க்கு மேலே தொங்கும் சின்னப் பாலம், ஆட ஆட விறைக்கும் கம்பி. எங்கள் முதல் வருஷக் கணக்கேதான், எண்கள் மட்டும் வேறு. மூன்று நாளில் முடித்தோம். நோட்டை மாற்றிக்கொண்டோம், பொருந்தியது, டிக் போட்டோம். அவர் பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனார். நான் அறிக்கையை டைப் செய்ய உட்கார்ந்தேன்.

இரண்டாவது திருத்தத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இருநூற்று ஐம்பத்தாறு என்று எழுத வேண்டிய இடத்தில், கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறி, இருநூற்று அறுபத்தைந்து என்று எழுதியிருந்தேன். கை தவறியிருக்கிறது. டிக் போடும்போது இரண்டு பேரும் எப்படி விட்டோம் என்று நினைத்தபடி, சரியானது எப்படியும் இருக்கும் என்று அவர் நோட்டைப் புரட்டினேன்.

அவர் நோட்டிலும் இருநூற்று அறுபத்தைந்து.

கணக்குத் தெரியாதவர்களுக்கும் இது புரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த இடத்தில் இருநூற்று ஐம்பத்தாறு ஏன் வருகிறது என்றால், இரண்டை இரண்டால் பெருக்கிப் பெருக்கி எட்டு இரண்டுகள் சேர்ந்தால் அதுதான் வரும். ஒருவர் தப்பாகப் போட்டால் நூற்று இருபத்தெட்டு வரலாம், ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரலாம். எவ்வளவு தப்பாகப் போட்டாலும் இருநூற்று அறுபத்தைந்து வராது. போட்டு வருகிற எண் இல்லை அது. பார்த்து எழுதினால்தான் வரும்.

மேலே இருந்த வரிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். நான் வரியை எங்கே மடக்கினேனோ அங்கேயே மடக்கியிருந்தார். எனக்குச் சலிப்பு வந்து ஒரு படியை எழுதாமல் தாண்டியிருந்தேன், அவரும் தாண்டியிருந்தார். பால்கனியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து அலமாரியிலிருந்து அவருடைய பழைய நோட்டுகளை எடுத்தேன். பின்னாலிருந்து புரட்டினேன். சுத்தம், சுத்தம், சுத்தம். பதினாலு மாதத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில்தான் கடைசிக் கோடு இருந்தது. ஒரே வரியை ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் அடித்திருந்தார். அதற்குக் கீழே 'நாளைக்கு' என்று ஒரு வார்த்தை. மிச்சப் பக்கம் காலி. அடுத்த பக்கத்திலிருந்து என் வரிகள், அவர் கையெழுத்தில்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நான் காய்கறி வாங்கப் போவேன். முன்பெல்லாம் பை தூக்க அவரும் வருவார். "முட்டி வலிக்குது, நீ போய்ட்டு வா" என்று சொல்ல ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். அழுகை இல்லை. முப்பத்தெட்டு வருஷ விதியை இந்த மனுஷர் திருடிவிட்டாரே என்ற கோபம். நோட்டை எடுத்துக்கொண்டு பால்கனி வரைக்கும் போனேன். அவர் தண்ணீர் விட்ட தொட்டிக்கே மறுபடியும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், மண் வழிந்து தரையெல்லாம் சேறு. என்னைப் பார்த்து, "டைப் பண்ணிட்டியா வாத்தியாரம்மா?" என்றார். "பண்ணிட்டேங்க" என்றேன். திரும்பி வந்து சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பாலத்தில் மனிதர்கள் நடப்பார்கள். அதனால் அன்றைக்கே அந்தக் கணக்கை ஆற்றலை வைத்து வேறொரு வழியில் தனியாகப் போட்டுச் சரிபார்த்து, எண்ணைத் திருத்தி அனுப்பினேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கணக்கையும் இரண்டு வழியில் நானே போட்டேன். பதினொரு மணிக்கு நோட்டு மாற்றுவது மட்டும் நிற்கவில்லை. அவரும் பொருந்துகிறது என்று டிக் போட்டார், நானும் போட்டேன்.

ரத்த அழுத்தம் பார்க்கலாம் என்று பொய் சொல்லி ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மறதி இருக்கிறது என்று முன்கூட்டியே காதில் போட்டுவைத்திருந்தேன். டாக்டரம்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க பாக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்து ஒரே மூச்சில் இரண்டு வரை இறங்கி வந்து நின்றார். "பூஜ்யத்துக்குக் கீழயும் போகட்டுங்களா?" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எதற்கும் ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். வெளியே வந்ததும், "ரத்த அழுத்தத்துக்கும் ஏழுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் கேட்டார். நான் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

ஆனால் எனக்கு அதில் ஒரு விஷயம் பிடிபட்டது. நீளமான கணக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு போகத்தான் அவரால் முடியவில்லை. வாய்ப்பாடு உள்ளே அப்படியே இருக்கிறது. அப்படியானால் என் நோட்டில் ஒரு வாய்ப்பாட்டுத் தப்பு இருந்தால் கண்ணில் படாமலா போகும்?

அடுத்த நாள் மூவேழு இருபத்துநாலு என்று எழுதிவைத்துவிட்டுக் காய் வாங்கப் போனேன். மறுநாள் பதினொரு மணிக்கு என் நோட்டைத் திறந்தவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"வாத்தியாரம்மா! மூவேழு இருபத்துநாலா? எந்தக் காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்க?"

"கை தவறிடுச்சு. அதுக்குப் போய் இந்தக் கத்து கத்துறீங்க."

"கை தவறல, மூளை தவறிருக்கு!"

"நீ ரொம்ப ஒழுங்கு! உன் பழைய நோட்டைக் காட்டவா?"

'நீ' வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கு மத்தியானம் மோர் ஊற்றி இரண்டாவது தடவை சாப்பிட்டார். சாயங்காலம் முட்டி வலியை மறந்து என்னோடு காய் வாங்க வந்தார். கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கடைக்காரரிடம், "இவங்களுக்குச் சரியா எண்ணிக் குடுங்க, மூவேழு இருபத்துநாலும்பாங்க" என்றார். நான் அவரை முறைத்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதிலிருந்து வாரம் இரண்டு தப்பாவது வைத்தேன். சரியாகக் கணக்குப் போடுவதைவிட அளவாகத் தப்புப் போடுவது கஷ்டம். கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கி வைத்தேன். அவர் பார்க்கவில்லை, அப்படியே எழுதிவைத்தார். பின்னத்தைத் தலைகீழாக்கினேன், அதையும் பார்க்கவில்லை. சரி என்று வாய்ப்பாட்டுக்கே திரும்பினேன். ஆறெட்டு நாற்பத்தாறு. ஐயாறு முப்பத்தைந்து. பிறகு அதுவும் சில நாள் தப்பிப்போனது, ஒன்பதும் நாலும் பன்னிரண்டு என்கிற அளவுக்கு இறங்கினேன். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த கை இதையெல்லாம் எழுதியது.

சில மாதம் போனதும் அவர் கத்துவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. தப்பைப் பார்த்தால் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, நோட்டை மூடி என் பக்கம் தள்ளுவார். "சரியா இருக்கு" என்பார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பார். "ராத்திரி தூங்கினியா?" என்று கேட்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே போய் காஸ் குமிழைத் திருகிப் பார்ப்பார். நான் வெளியே கிளம்பினால் என் கைப்பையில் வீட்டு விலாசம் எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். இதெல்லாம் அவருடைய நோய் முற்றுவதன் அடையாளம் என்று நான் நினைத்துக்கொண்டேன். சண்டையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று இன்னும் பெரிய தப்பாக வைத்தேன். நிறுத்தியிருக்க வேண்டும். திருத்தம் எங்கே பெருக ஆரம்பித்தது என்பது அதற்கு அடுத்ததைப் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும் என்று பாடம் எடுத்தவள் நான்.

மகள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். மூன்றாம் நாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தார். அவள் எனக்கு எதிரே, அவருடைய நாற்காலியில், வந்து உட்கார்ந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"அம்மா, கோவப்படாம கேக்கணும்."

"கோவப்படுற விஷயமா இருந்தா கோவப்படத்தான் செய்வேன். சொல்லு."

"நாளைக்கு ஒரு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். உனக்கு."

"எனக்கு என்னடி?"

அவள் தாளைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். அவர் கையெழுத்து. தேதி போட்டு ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். மூவேழு இருபத்துநாலு. ஆறெட்டு நாற்பத்தாறு. ஐயாறு முப்பத்தைந்து. மொத்தம் முப்பத்தொன்று இருந்தது. ஆசிரியர் வேலை பார்த்தவள் என்பதாலோ என்னவோ எண்ணிப் பார்த்தேன். கடைசியில், 'அவளிடம் சொல்ல வேண்டாம், மனசு உடைந்துவிடும்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

"அப்பா ஒரு வருஷத்துக்கு மேல கவனிச்சுட்டு இருக்காராம்மா. நீ காய் வாங்கப் போற நேரத்துல தினமும் உன் நோட்டை எடுத்துப் பாப்பாராம். தப்பு இருந்தா உனக்குத் தெரியாம சரிபண்ணிடுவாராம். ரெண்டு நோட்டும் பொருந்தலன்னா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு, உன்னுது மாதிரியே அவரோடதுலயும் எழுதி வெச்சுடுவாராம்." அவள் அழுதாள். "முதல்ல கிண்டல் பண்ணினாராம். அப்புறம் அடிக்கடி வரவும் பயந்துட்டாராம். என்கிட்ட சொல்லும்போது அப்பா அழுதுட்டாருமா. அப்பா அழுது நான் பாத்ததே இல்ல."

அந்த நடைபால நோட்டு, அவருடையதும் என்னுடையதும், எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அலமாரியில் இருந்தது. அவளும் இன்ஜினியர்தான். இருநூற்று அறுபத்தைந்தை ஒரு தடவை காட்டினால் போதும். அந்த ஏழு கோடு போட்ட பக்கத்தைக் காட்டினால் போதும். இரண்டு நிமிஷ வேலை. எனக்கு ஒன்றும் இல்லை, உன் அப்பாவுக்குத்தான் என்று சொல்லிவிடலாம். கை அலமாரி வரைக்கும் போய்விட்டது.

குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு வந்தவர் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"சொல்லாதேன்னு சொன்னேனே பாப்பா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் அந்தத் தாளில் விழுந்தது. என் கையை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். நான் இருக்கேன்ல? இனிமே கணக்கெல்லாம் நான் பாத்துக்குறேன். நீ சும்மா பக்கத்துல உக்காந்துக்கோ, போதும்."

இருபது மாதமாக அவர் கை என் இழுப்பறையைத் திறந்து எதைத் தேடியது என்று அவரே மறந்துவிட்டார். அந்த இடத்தில் வேறொரு கதையை வைத்துக்கொண்டுவிட்டார். அந்தக் கதையில் அவர் திருடவில்லை, தோற்கவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு வேண்டிய சாட்சியங்கள் முப்பத்தொன்றையும் நான்தான் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.

"சரிங்க" என்றேன்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். மகள் நேரம் வாங்கியிருந்தது அதே டாக்டரம்மாவிடம்தான். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு மேசையிலிருந்த சீட்டில் என் பெயரைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவரைப் பார்த்து நான் வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தேன். புரிந்ததோ என்னவோ, கேட்கவில்லை. மகள் அந்தத் தாளை நீட்டினாள். டாக்டரம்மா படித்துவிட்டு, இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், பரவாயில்லையே என்று தலையாட்டினார்.

"நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்கம்மா."

"தொண்ணூத்து மூணு" என்றேன். "எண்பத்தாறு. எழுபத்தொம்பது."

அங்கே ஒரு மூச்சு விட்டேன். வேண்டுமென்று நிறுத்தவில்லை, தொண்டை வறண்டிருந்தது. ஆனால் எனக்கு வரவில்லை என்று அவர் நினைத்துவிட்டார். மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் முகத்தை என் பக்கம் திருப்பி, உதடு அசைய, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார்.

"எழுபத்து மூணு. எழுபத்து மூணு சொல்லு."

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்துகொண்டு இரண்டு வரைக்கும் இறங்கி வந்த மனுஷர்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. என் பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. மகள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பதில் ஏழு போனால் என்ன என்று அவளுக்குத் தெரியும். என் நாக்கு நுனியில் எழுபத்திரண்டு தயாராக இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் இதையாவது சொல்லிவிட வேண்டுமே என்ற தவிப்பு அவர் கண்ணில் இருந்தது. அந்த மாதிரிப் பார்வையை நான் அவர் மேல் எத்தனை நாள், பதினொரு மணிக்கு, நோட்டுக்கு மேலாக வைத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"எழுபத்து மூணு" என்றேன்.

அவர் பிடி தளர்ந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? கொஞ்சம் டைம் குடுத்தா சொல்லிடுவாங்க. அவ்ளோ மோசமில்ல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் விடையும் பொருந்தியிருந்தது. எங்கள் வீட்டு விதிப்படி அதற்கு மேல் கேள்வி கிடையாது. என் வீட்டுக்காரர் என் கையை மேசைக்கு மேலே எடுத்து வைத்துத் தட்டிக்கொடுத்தார். அடுத்தது அறுபத்தாறு என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.